வாட வேண்டிய செடி வாடவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். "உற்சாகமா இருக்கணும் மேடம்" என்று ஒரு நிபந்தனை வேறு. வயது இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு உற்சாகத்தில் என்ன குறை? காலையில் எழுந்தால் யாரையும் திருத்த வேண்டியதில்லை. அதுவே பெரிய உற்சாகம். ஆனால் உளுந்தையும் அதன் வேரையும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஆகவே எரிச்சலோடே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

செடியைக் காப்பாற்றுவதுதான் வேளாண் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நம் பிரிவில் அப்படி இல்லை. இங்கே செடி சாக வேண்டும். சாக வேண்டிய இடத்தில், சாக வேண்டிய நேரத்தில், ஒழுங்காகச் சாக வேண்டும். அப்போதுதான் சாகாமல் நிற்கிற ஒன்று கண்ணுக்குத் தெரியும்.

நூற்புழுவைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கரிசலில் அதைப் படிக்கிற விதம் வேறு. கண்ணுக்குத் தெரியாத உயிர். கோடையெல்லாம் மண்ணின் வெடிப்புக்கடியில் சுருண்டு கிடக்கும். மழை இறங்கியதும் விழிக்கும். உளுந்தின் இளவேருக்குள் தலையை நுழைத்து, உடம்பை வெளியே விட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சிக் கொழுக்கும். அது இடுகிற முட்டைக் கூழில் மண் ஒட்டிக்கொள்ளும். செடியைப் பிடுங்கி உதறினாலும் மண் உதிராது, வேர் முழுக்க எள்ளைத் தூவினாற்போல இருக்கும். மேலே இலை மஞ்சளாகும். உரம் போதவில்லை என்பார்கள், மழை போதவில்லை என்பார்கள், கடைக்காரர் கொடுத்த மருந்தை இலையில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நோய் வேரில், மருந்து இலையில். இந்த ஊரில் பாதி விவசாயம் இப்படித்தான் நடக்கிறது.

உளுந்தின் காட்டுப் பங்காளிகள் மட்டும் இதில் சேரவில்லை. ஓடைக்கரையில், மேய்ச்சல் புறம்போக்கில், மணியாச்சிப் பக்கம் தண்டவாளத்து ஓரச் சரளையில், யாரும் விதைக்காமல் யாரும் பார்க்காமல் அவை படர்ந்து கிடக்கின்றன. நாம் உளுந்தை மணி பருக்க வளர்த்தோம், நெற்று வெடிக்காமல் வளர்த்தோம், ஒரே நேரத்தில் காய்க்கச் சொல்லி வளர்த்தோம். செல்லம் கொடுத்ததில் அதற்குச் சண்டை மறந்துபோயிற்று. காட்டில் நின்றதற்கு மறக்கவில்லை. அந்தச் சண்டைக் குணத்தை வாங்கி உளுந்துக்குள் வைக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. விடிவதற்குள் பூவைப் பிரித்து மகரந்தம் தடவினால் சாயங்காலம் பூ உதிர்ந்து கிடக்கும். தப்பிப் பிஞ்சு பிடித்தால் சுருங்கும். தப்பி முளைத்தால் வெளுத்துச் சாகும். பங்காளிக்குள் சம்பந்தம் கூடாது என்பது செடிக்கும் தெரியும்போல. அதையெல்லாம் தாண்டி, உளுந்தும் காடும் கலந்து பிறந்த சில ஒட்டு வரிசைகள் நம் கையில் வந்து சேர்ந்தன. அவற்றில் எது நூற்புழுவுக்கு நிற்கும் என்று பார்க்க வேண்டிய வருடத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் பண்ணையில் ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எல்லோரும் 'சிக் பிளாட்' என்கிறோம். நோயைக் காப்பாற்றி வைத்திருக்கிற நிலம். உளுந்து மேல் உளுந்து போட்டு, பயிரை மாற்றாமல், கோடை உழவு உழாமல், சத்து எதுவும் வைக்காமல், நூற்புழுவை அங்கே பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்து வந்தேன். சோதிக்க வேண்டிய வரிசைகளுக்கு நடுவில், நோய்க்குக் கட்டாயம் விழுகிற ஒரு பழைய ரகத்தை நடுவோம். அதுதான் செக் வரிசை. அது வாடினால் மண்ணில் புழு இருக்கிறது என்று பொருள். அது வாட, பக்கத்தில் நிற்பது வாடாமல் இருந்தால், வாடாததைப் பற்றிப் பேசலாம்.

அந்தக் கோடையில் நான் தாமிரபரணிப் பாசனத்தில் ஒட்டு வரிசைகளுக்கு விதை பெருக்கிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது புதிதாக வந்திருந்த பண்ணை மேலாளரிடம் சிக் பிளாட் எதற்கு என்று விளக்கி, அதில் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "சரி மேடம்" என்றார். வாய்தான் சரி என்றது, கை கேட்கவில்லை. ஆடியில் திரும்பிவந்து, போர் தண்ணீர் பாய்ச்சி, சிக் பிளாட்டில் விதைத்தோம். வேர் பார்க்க வேண்டிய நாள் வந்தது. நம் பிரிவின் தலைவரும் வந்து வரப்பில் நின்றார். முதல் வரிசையைப் பிடுங்கினேன். வெள்ளை வேர். இரண்டாவது, வெள்ளை வேர். தலைவர் கைதட்டினார். எனக்கும் உள்ளே என்னவோ துள்ளியது, பொய் சொல்லவில்லை. அடுத்தது செக் வரிசை. பிடுங்கி உதறினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை வேர்.

"தம்பி," என்று மேலாளரைக் கூப்பிட்டேன். "கோடையில இந்தப் பிளாட்டுல ஏதாவது செஞ்சீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த முகம்.

"செய்யாம இருப்பனா மேடம்? சித்திரையில ஆழமா உழுது காயப் போட்டேன். வெயிலு நல்லா இறங்கட்டும்னு மறுக்கா ஒரு உழவு. பொறவு மாடசாமி அண்ணாச்சியக் கூப்பிட்டுக் கெடை போடச் சொன்னேன். அவிய ஆடெல்லாம் இங்கனதான் கெடந்துது. அதுவும் போதாதுன்னு வேப்பம் புண்ணாக்கு வாங்கித் தூவியிருக்கேன். மண்ணைக் கையில எடுத்துப் பாருங்க, புட்டு மாதிரி இருக்கு."

"செய்யாதீங்கன்னு சொல்லிட்டுல்லா போனேன்?"

"சொன்னீங்க. ஆனா ரோட்டோரம் மேடம். எட்டயபுரம் பஸ்ல போறவன் பூரா எட்டிப் பாக்கான். ஆராய்ச்சிப் பண்ணைன்னு போர்டு வச்சிட்டு, இங்கன மட்டும் சீக்காளி மாதிரி மஞ்சப் பூத்துக் கெடந்தா நம்மள என்ன நெனைப்பான்? எங்கய்யாவே பஸ்ல போகும்போது பாத்துட்டு வந்து கேக்காவ, 'ஏலே, ஒரு துண்டுக் காட்டைத் திருத்த ஒனக்குத் துப்பில்லையா'ன்னு."

"அது சீக்காத்தான் கெடக்கணும் தம்பி. அதுக்குத்தான் சம்பளம்."

"வெளயாடாதீங்க மேடம்" என்றார். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

அந்த மனிதரை எப்படித் திட்டுவது? ஆழ உழவு, வெயில், ஆட்டுக் கிடை, புண்ணாக்கு. நூற்புழுவை ஒடுக்க எந்த விவசாயிக்கும் நான் எதையெல்லாம் சிபாரிசு செய்வேனோ அது அத்தனையையும் அவர் செய்திருக்கிறார். ஊரெல்லாம் போய்ச் சொல்லியும் யாரும் கேட்காத பாடத்தை, கேட்கக் கூடாத ஒரே நிலத்தில் கேட்டிருக்கிறார். கரிசல்காரர்களுக்கு ஒரு காடு சீக்காய்க் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அடுத்தவன் காட்டில் களை நின்றாலும் போகிற போக்கில் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டுப் போகிற சனம். அந்த நல்ல குணம் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. நல்ல மண்ணை.

தலைவர் இன்னும் வரப்பில் மலர்ந்துபோய் நின்றார்.

"எல்லா வரிசையும் சுத்தம். நான் அப்பவே சொன்னேன்ல?"

"செக் வரிசையும் சுத்தமா இருக்கு சார்."

"நல்லதுதானே?"

பக்கத்தில் சுவர் இல்லாமல் போயிற்று, முட்டிக்கொள்ள.

"சார், எப்பவும் பெயிலாகிற பையன்கூட பாஸாயிட்டான்னா அவன் படிச்சிட்டான்னு அர்த்தமில்லை. பரீட்சையே நடக்கலைன்னு அர்த்தம்."

"ஒரு வரிசைக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

"அந்த ஒரு வரிசையை நம்பித்தான் மத்த வரிசையெல்லாம் நிக்குது."

"பந்தலுக்குச் சொல்லியாச்சும்மா. பிளெக்ஸ் வந்து இறங்கியாச்சு. பணம் கொடுத்த அறக்கட்டளையில இருந்து ஆள் வராங்க. புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி விதை கொடுக்கிறோம்னு வாக்குக் கொடுத்தாச்சு."

பிளெக்ஸை நானும் பார்த்தேன். 'வேர்ப்புழுவை வென்ற உளுந்து' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் தலைவர் முன்கூட்டியே தேர்ந்துவைத்த வரிசையின் பேர். கீழே, தோளில் ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு மாடசாமி அண்ணாச்சி. முதல் மூட்டை அவருக்கு என்று தலைவர் சொல்லியிருந்தார். கிடை போட்டதற்கு அவர் கூலி வாங்கவில்லை. புது விதைதான் வேண்டும் என்றிருக்கிறார்.

மாடசாமி ஆடு மேய்க்கிற குடும்பம். மந்தையில் பாதியை விற்று, பக்கத்து ஊரில் கொஞ்சம் கரிசல் வாங்கினார். வாங்கிய காடு நூற்புழுக் காடு. விற்றவருக்கு அது தெரிந்திருக்குமா, தெரியாது. போட்ட உளுந்து ஒவ்வொரு வருடமும் வட்டம் வட்டமாக மஞ்சளடித்தது. இந்த முறையும் பொய்த்தால் மீதி மந்தையும் சந்தைக்குப் போக வேண்டும். நம் விதையை அவரைப்போல நம்பி உட்கார்ந்திருந்தவர் வேறு யாரும் இல்லை.

விதை அறைச் சாவி என்னிடம் இருந்தது. "விதை வேணும்னா எழுத்துல கேளுங்க சார்" என்றேன். அவர் கேட்கவில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்திலேயே பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். பந்தல் மட்டும் வீணாகவில்லை. குறித்த நாளில் அதே பந்தலுக்குக் கீழே மண்வளம் காப்பது பற்றிப் பேசினார்கள். நம் மேலாளரும் பேசினார். நன்றாகவே பேசினார்.

நான் மாடசாமியின் காட்டுக்குப் போனேன். எனக்குப் புழு வேண்டும்; அது அவரிடம் இருந்தது.

"சீக்கு மண்ணைத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியை அவரே எடுத்தார். மஞ்சள் விழுகிற வட்டங்களாகப் பார்த்து வெட்டிச் சாக்கில் போட்டார். எதற்கு என்று அப்போதுதான் சொன்னேன். பண்ணையில் பார்த்த பரீட்சை செல்லாது. இந்த மண்ணைச் சட்டியில் நிரப்பி, எல்லா வரிசையையும் மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன். அதுவரை விதை கிடையாது. அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும் சாக்கின் வாயைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

சட்டிகளில் செடி எழுந்து இலைவிட்டுக்கொண்டிருந்தபோதே மழை முந்திக்கொண்டது. புரட்டாசியின் முதல் நல்ல மழை. ஈர மண் வாசம் பண்ணை முழுக்க ஏறி நிற்க, கையில் வெறும் சாக்கோடு மாடசாமி விதை அறை வாசலில் வந்து நின்றார்.

"பதம் போயிரும் மேடம். ரெண்டு வெயிலு காஞ்சா கரிசலு இறுகிரும். ஒங்க சட்டி வாயத் தொறக்கிற மட்டும் ஈரம் காத்துக்கிட்டு இருக்குமா?"

"வேரு இன்னும் பாக்கல அண்ணாச்சி. எனக்கே தெரியாததை ஒங்களுக்கு எப்படித் தர?"

"தெரியாதா? பண்ணை வாசல் கேட்டுல என் மூஞ்சியத் தொங்கவிட்டிருக்கு! ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம கேக்கான், வெத வந்துட்டாய்யா, வெத வந்துட்டாய்யான்னு. என்னத்தச் சொல்லுதது?"

"இந்த வருசம் சோளம் போடுங்க. சோள வேருல அந்தப் புழு பெருகாது. மண்ணும் கொஞ்சம் ஆறும்."

"சோளத்தட்டைய ஆடு திங்கும். நான் என்னத்தத் திங்க? உளுந்துக்குத்தான வெலை இருக்கு?"

விதை அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எம் பொண்டாட்டி என்ன சொல்லுதான்னு தெரியுமா ஒங்களுக்கு? மந்தைய வித்து மண்ணைத் தின்ன மனுசன்னு தெருவுல வச்சுச் சிரிக்கா."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சும் தரமாட்டீங்க."

"தெரிஞ்சதுனாலதான் தரல."

சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லாமே ஒரே பக்கம் தள்ளியது. மழை தள்ளியது. தலைவர் தள்ளினார். மாடசாமியின் முகம் தள்ளியது. எல்லாவற்றையும்விட மோசமாக என் ஆசை தள்ளியது. நல்லதாகவே இருந்துவிட்டால்? நானே கையால் தடவிய மகரந்தம், நானே காப்பாற்றிய முளை. கொடுத்தால் தேறலாம் என்று மனசு ஆயிரம் நியாயம் சொல்லும். தேறலாம்தான். தேறாவிட்டால் விழப்போவது என் காடு இல்லை, அவர் காடு. அறிவியல் என்ன சொல்கிறது என்பது அந்த வாசலில் உதவவில்லை. நட்டம் யார் தலையில் விழும் என்ற ஒரே கேள்விதான் உதவியது. அதோடு இன்னொன்றும். ஒரு முறை நம் விதை ஒரு காட்டில் பொய்த்தால், அந்த ஊர் அதற்கு 'களைச்செடிக்குப் பிறந்த உளுந்து' என்று பெயர் வைத்துவிடும். அதன்பின் உண்மையிலேயே நிற்கிற விதையைக் கொண்டுபோனாலும் கோழிக்கு வீசுவார்கள்.

மாடசாமி சோளம் போடவில்லை. வீட்டிலிருந்த பழைய உளுந்தையே காடு முழுக்க விதைத்தார்.

சட்டிகளைக் கவிழ்க்கிற நாள் வந்தது. முதலில் செக் வரிசையைக் கவிழ்த்தேன். இலை மஞ்சள். வேர் முழுக்க உதிராத மண். அப்பாடா என்று இருந்தது. ஒரு செடி சீரழிந்ததைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிற ஒரே உத்தியோகம் நம்முடையதுதான். அடுத்து பிளெக்ஸில் பேர் போட்டிருந்த வரிசை. மேலே அழகான செடி, அடர்ந்த இலை, கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு. கீழே வேரைத் தண்ணீரில் அலசினேன், மறுபடி அலசினேன். செக் வரிசையைவிட அழுக்கு. வரிசையாகக் கவிழ்க்கக் கவிழ்க்க அழுக்கு வேர்களே வந்தன. ஒரே ஒன்று மட்டும் தண்ணீர் பட்டதும் வெளுத்தது.

அதைச் செடி என்று சொல்ல நாக்கூசும். கொடியோடி, சட்டிக்கு வெளியே தவழ்ந்து, பக்கத்துச் சட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தது. மிளகைவிடச் சின்ன மணி. நெற்றைத் தொட்டால் வெடித்து விதை காலடியில் சிதறியது. அம்மா வழி உளுந்து எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அப்பா வழிக் காடு அப்படியே இருந்தது.

"இதுவா மேடம்?" என்றார் மேலாளர். "களைன்னு நெனச்சு முந்தாநாள் பிடுங்கப் போனேன். நல்லவேளை, நீங்க சொன்னது ஞாபகம் வந்துது."

பிளெக்ஸைக் கழற்றி, எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி, மோட்டார் அறைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டினார்கள். அதைப் பற்றித் தலைவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே அவர் பெரிய மனசு.

அறுப்பு முடிந்து தை பிறந்த பிறகு மாடசாமி வந்தார். அதற்கு முன்பே எனக்குச் செய்தி வந்திருந்தது. வட்டம் வட்டமாய் இருந்த மஞ்சள் இந்த முறை ஒன்றோடொன்று கூடிவிட்டதாம். எட்டயபுரம் சந்தைக்கு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போனாராம். எல்லாம் போகவில்லை. தாய் ஆடுகளில் கொஞ்சம் வீட்டில் நிற்கிறது.

"சட்டி என்னதான் சொல்லிச்சு?"

காய வைத்திருந்த வேர்களை எடுத்துவந்து காட்டினேன். பிளெக்ஸில் இருந்த வரிசையின் வேரைக் கையில் வாங்கி, நகத்தால் சுரண்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, அன்னைக்கு நீங்க குடுத்திருந்தாலும் இதே கதிதான்."

"இதே கதிதான் அண்ணாச்சி."

"குடுத்திருக்கலாம்லா?"

"எதுக்கு?"

"குடுத்திருந்தா ஒங்களை ஏசிக்கிட்டாவது இருந்திருப்பேன். இப்ப யார ஏச? வெதை என்னுது, மண்ணு என்னுது, விதைச்ச கையும் என்னுது."

வேரை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சரியான முடிவு எடுத்தோம் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது பாருங்கள், அது அந்த நிமிடத்தோடு போயிற்று. என்னுடைய 'தரமாட்டேன்' அவர் காட்டில் ஒரு மணி உளுந்தைக் கூடுதலாக விளைவிக்கவில்லை. ஓர் ஆட்டையும் காப்பாற்றவில்லை. பொய்யை விதைக்காமல் தடுத்தது, அவ்வளவே. நம் வேலையில் பல நல்ல முடிவுகள் இப்படித்தான், யாருக்கும் சோறு போடாமல் போகும். அதற்காகக் கெட்ட முடிவை எடுத்துவிட முடியாது. இதைச் சொன்னால் எரிச்சல்படுவீர்கள். படுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருடம் அவர் காட்டில் பாதிக்குச் சோளம் நின்றது. என்னிடம் சொல்லவில்லை, பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.

அந்தத் தவழ்கிற வரிசையை மறுபடி நல்ல உளுந்தோடு ஒட்டுக்கட்டி, அதன் பிள்ளையை மறுபடி ஒட்டுக்கட்டி, கொஞ்சம் நிமிர வைத்திருக்கிறோம். மணி இன்னும் சிறியதுதான். நெற்று இன்னும் வெடிக்கிறது. மிச்சத்தை உங்களிடம் விட்டு வந்திருக்கிறேன். வானம் கறுக்கிற சமயம் மாடசாமி ஒவ்வொரு வருடமும் வருவார். நீங்கள் புதியவர்கள் என்று தயவு காட்ட மாட்டார். விதை ஆயிற்றா என்பார். "அடுத்த வருசம் ஆயிடும்" என்று வாய் தானாக வரும், கடித்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்து வேரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுங்கள். அழுக்கு வேர் என்றால் அழுக்கு வேரையே கொடுங்கள். ஏசுவார். உங்கள் படிப்பை ஏசுவார், சட்டியை ஏசுவார், எங்கேயோ இருக்கிற என்னையும் சேர்த்து ஏசுவார். அவர் ஏசி முடிக்கிற வரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள்.